கணித ஆசான் தேர்ந்த ரியூனர்

வைரவிழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, இலக்கியத்திலோ சமயத்திலோ ஒரு பொருளை யாம் எடுத்துக்கொள்வோம் என்றே எதிர்பார்த்திருப்பர். பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழோடு ஊர்ப் பாடசாலையொன்றிலே தொழில் தொடங்கி, பின்னர் தாம் பயின்ற கல்லூரிக்கே தமிழாசிரியராக மீண்டுவந்த ஒருவர் வேறெதனை எழுதுவார்? ஆயினும் இங்கே யாம் சொல்லப் புகுவது, கணினியிற் செருகித் தொலைக்காட்சி காண்பதற்குப் பயன்படும் விரலளவான ஒரு கருவியைப் பற்றியது. யூ.எஸ்.பி. ரியூனர் என்று அதனை வழங்குவர். கருவி சிறிது, அதனை எமது ஆசான் ஒருவர் தேர்ந்தெடுத்த முறையோ பெரிது. அம்முறை இக்கல்லூரியின் வகுப்பறையிலேயே எமக்குக் கற்பிக்கப்பட்டதாதலின், இம்மலரில் அதற்கு இடமுண்டு என்று துணிந்தோம்.

அவ்வாசான் எமக்குக் கணிதங் கற்பித்தவர். பெயர் குறிப்பதை அவர் விரும்பார். குறியாவிடினும் அக்காலத்து மாணாக்கர் அறிந்துகொள்வர். எந்தக் கணக்கை எடுத்தாலும் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கீறுவார். இடப்புறத்தில் 'தந்தன' என்று எழுதுவார். வலப்புறத்தில் 'காண்க' என்று எழுதுவார். இவ்விரண்டும் நிரம்பும்வரை ஒரு மாணவனாவது விடைக்குப் பாயலாகாது. பாய்ந்தவனை அவர் அடித்ததில்லை. "கேள்வியை வாசியாமல் விடை சொல்லுகிறவன், நோயைக் கேளாமல் மருந்து கொடுக்கிறவன்" என்று மட்டும் சொல்லி, மீண்டும் முதலிலிருந்து எழுதச் செய்வார்.

1990ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிருந்த காலத்தை எம்மோடொத்தோர் மறந்திரார். யாம் மாணவராயிருந்த காலம் அது. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே படித்தோம். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்னைக் கொண்டு வானொலி கேட்டோம். ஆசானின் வீட்டு முற்றத்தில் ஒருவர் சுற்ற, ஒருவர் குமிழைத் திருக, ஏனையோர் செய்திக்குக் காதுகொடுத்து நின்றதுண்டு. அவ்வேளையிலும் அவர் விடமாட்டார். "முப்பத்தொரு மீற்றர் அலைநீளம் தந்தேன், அதிர்வெண்ணைக் காணும்" என்பார். வண்டியைச் சுற்றிக்கொண்டே விடை சொல்லல் வேண்டும்.

2018ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் எமது தமையனார் அழைப்பினால் இலண்டன் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அந்நகரின் வடமேற்கே ஹரோ என்னும் பகுதியில் மகள் வீட்டில் ஆசான் வாழ்ந்து வருவதை அறிந்து, காணச் சென்றோம். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்திரண்டு. நினைவிலே தளர்ச்சியில்லை, செவிப்புலன் மட்டும் குன்றியிருந்தது. அவருடைய சிறிய அறையிலே ஒரு கட்டில், ஒரு மேசை, மேசையின்மேல் ஒரு பழைய மடிக்கணினி. மகள் அலுவலகத்திற்கு எடுத்துச் சென்று, பின்னர் கழித்துவிட்டது அது. அதிலிருந்த விஸ்ரா என்னும் இயங்குதளத்திற்கு அதனை ஆக்கியோர் 2017 சித்திரையோடு ஆதரவை நிறுத்திவிட, பேரன் அதனை நீக்கி லினக்ஸை நிறுவிக் கொடுத்திருந்தான். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் என்பார் 1991இல் தொடக்கி வைத்து, பல்லாயிரவர் கூடி வளர்த்துவரும் இயங்குதளம் அது. விலையின்றிக் கிடைப்பது, பழைய கணினிகளுக்குப் புத்துயிர் தருவது. "இதுவும் என்னைப்போல ஓய்வூதியத்தில் வேலைசெய்கிறது" என்று ஆசான் நகைத்தார்.

அவருக்கு ஒரு விருப்பம் இருந்தது. வானியல் பற்றி 1957ஆம் ஆண்டிலிருந்து பி.பி.சி. நடத்திவரும் 'த ஸ்கை அற் நைற்' என்னும் நிகழ்ச்சியையும், அதுபோன்ற சிலவற்றையும் காணல் வேண்டும். கூடத்திலே பெரிய தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. ஆனால் அங்கே பேரப்பிள்ளைகள் இருப்பர். ஒலியைக் கூட்டினால் அவர்களுக்கு இடையூறு. குறைத்தால் இவருக்குக் கேளாது. நிகழ்ச்சி வருவதோ அவர் உறங்கச் சென்றபின். இதனைக் கண்ட மகளும் மருமகனும் பிறந்தநாட் பரிசாக அவருடைய அறைக்கென்று பெரிய பெட்டியொன்று வாங்க ஆயத்தமாயிருந்தனர். ஆசான் வேண்டாமென்று மறுத்துவிட்டார். மகள் மனம் நொந்திருந்தாள். வீட்டிலே அதுபற்றிய பேச்சே இல்லாதிருந்தது.

யாம் மெல்லக் கேட்டோம்: "ஏன் சேர், பிள்ளைகள் விரும்பித் தருவதை வேண்டாமென்கிறீர்கள்?"

"தம்பி, அவர்களுடைய அன்பை மறுக்கிறேன் என்று எண்ணாதேயும். பெட்டியின் அளவை அவர்கள் பார்த்துவிட்டார்கள், விலையைப் பார்த்துவிட்டார்கள், நிறத்தையும் பார்த்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது எது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை" என்றார். பின்னர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நடுவிலே கோடு. இடப்புறம் 'தந்தன', வலப்புறம் 'காண்க'. எம் கண்கள் பனித்தன.

காணவேண்டியன மூன்று என்று எழுதியிருந்தார். பேச்சு எழுத்தாகத் திரையின்கீழ்த் தோன்றல் வேண்டும். அவ்வாறெனின் காது கேளாமை தடையாகாது. உறங்கும் நேரத்தில் வரும் நிகழ்ச்சி தானாகப் பதிவாதல் வேண்டும். பிறருக்கு ஓசை கேட்டலாகாது. தந்தனவும் மூன்று. மடிக்கணினி ஒன்று, அதில் லினக்ஸ், கூரையின்மேலுள்ள அன்ரெனாவிலிருந்து அறைச் சுவர்வரை முன்பே இழுக்கப்பட்டிருந்த ஒரு வயர். தொலைக்காட்சிக்குரிய உரிமச்சீட்டு அவ்வீட்டிற்கு ஏலவே இருந்தமையால் அந்தக் கவலையும் இல்லை. பெரிய பெட்டி வேண்டப்படவில்லை. ஒரு ரியூனரே போதும் என்பது அத்தாளிலிருந்து தெளிவாயிற்று. ஆனால் எந்த ரியூனர்? "இனி நீரும் இருந்து யோசியும்" என்று எமக்கும் ஒரு கதிரை தந்தார்.

முதலாவதாக, வானலையில் வருவது யாது என்று ஆராய்ந்தோம். இலக்கமுறைத் தொலைக்காட்சி உலகெங்கும் ஒருபடித்தானதன்று. ஐரோப்பிய நாடுகள் டி.வி.பி.–ரி என்னும் முறையையும் அதன் இரண்டாம் தலைமுறையையும் கொண்டன. அமெரிக்காவும் கனடாவும் ஏ.ரி.எஸ்.சி. என்னும் முறையைக் கொண்டன. யப்பான் ஐ.எஸ்.டி.பி.–ரி என்னும் முறையை ஆக்கிக்கொள்ள, பிறேசில் அதனைத் தழுவியது. சீனம் தனக்கென வேறொன்றை வகுத்தது. ஒரு முறைக்கென ஆக்கிய கருவிக்கு மற்றொரு முறை அறியாத மொழியேயாம். இலண்டனிலோ, 1956ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பிவரும் கிறிஸ்ரல் பலஸ் கோபுரத்திலிருந்து, ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் அவ்வீட்டிற்கு அலை வருகிறது. பழைய ஒப்புமுறை ஒளிபரப்பு அங்கே 2012 சித்திரை 18ஆந் திகதியோடு நின்றது. சாதாரணத் தெளிவுடைய அலைவரிசைகள் டி.வி.பி.–ரி முறையிலும், உயர்தெளிவுடையவை இரண்டாம் தலைமுறையிலும் வந்துகொண்டிருந்தன. முதலாவதை மட்டும் அறியும் கருவி மலிவு. இரண்டையும் அறிவது விலை கூடியது. ஆசானுக்கு வேண்டிய நிகழ்ச்சி வரும் அலைவரிசையோ இரு வடிவிலும் கிடைத்தது.

இரண்டாவதாக, கணினியின் வலிமையை ஆராய்ந்தோம். இங்கே பலர் அறியாத உண்மையொன்றுண்டு. ரியூனர் படத்தை ஆக்கித் தருவதில்லை. அன்ரெனாவிலிருந்து வரும் அலைகளுள் வேண்டியதைப் பிரித்து, அதில் அடங்கிய இலக்கங்களை மீட்டு, அவற்றை யூ.எஸ்.பி. வாயிலாகக் கணினியிடம் ஒப்படைப்பதோடு அதன் கடமை முடிகிறது. சாதாரண அலைக்கற்றை ஒன்றிலே செக்கனுக்கு ஏறத்தாழ 24 மெகாபிற்றும், உயர்தெளிவுக் கற்றையிலே ஏறத்தாழ 40 மெகாபிற்றும் வரும். அவற்றுட் பல அலைவரிசைகள் ஒன்றாய்ப் பின்னிக்கிடக்கும். பின்னலை அவிழ்த்து, சுருக்கி வைத்த படத்தை விரித்துக் காட்டுவது கணினியின் வேலை. சாதாரணப் படத்தைப் பழைய கணினியும் எளிதில் விரிக்கும். உயர்தெளிவுப் படத்தைச் சுருக்கிய முறை நுட்பமானதாதலின் அதனை விரிப்பது கடினம். இதனை அறியக் கருவியை வாங்கிப் பார்க்க வேண்டுவதில்லை. உயர்தெளிவுக் காணொளிக் கோப்பு ஒன்றைப் பேரன் தன் கணினியிலிருந்து கொண்டுவந்து தாத்தாவின் கணினியில் ஓட்டிக் காட்டினான். மலையேறும் முதியவர்போல அது இரண்டடி வைப்பதும் நிற்பதுமாயிற்று. சாதாரணத் தெளிவுடைய கோப்போ தங்குதடையின்றி ஓடியது. "தந்தனவற்றுள் ஒன்று விடையின் எல்லையைச் சொல்லிவிட்டது" என்றார் ஆசான்.

மூன்றாவதாக, லினக்ஸோடு இணங்குவது எது என்னும் வினா. இதுவே முடிச்சான இடம். கடைகளில் விற்கும் ரியூனர்களின் பெட்டிமேல் வின்டோஸ் என்றிருக்கும். சிலவற்றில் அப்பிளின் பெயரும் இருக்கும். லினக்ஸின் பெயர் பெரும்பாலும் இராது. அதனால் இயங்காது என்பது பொருளன்று. அவற்றை இயக்கும் நிரல்கள் பல லினக்ஸின் உட்கருவிலேயே அடங்கியுள்ளன. ஆயின் அந்நிரல்கள் பார்ப்பது பெட்டியின் பெயரையன்று, உள்ளேயுள்ள நுண்சில்லையே. நிகண்டு கற்றோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஒரு பொருளுக்குப் பல பெயருண்டு. ஒரு பெயருக்குப் பல பொருளுமுண்டு. ஒரே சில்லு பத்து வணிகப் பெயர்களோடு கடைக்கு வரும்; ஒரே வணிகப் பெயரோடு இவ்வாண்டு ஒரு சில்லும் மறுவாண்டு வேறொரு சில்லும் வரும். புறத்தோற்றத்தால் வேறுபாடு தெரியாது. கருவியைச் செருகியபின் லினக்ஸிடம் கேட்டால், நான்கு குறியும் முக்காற்புள்ளியும் நான்கு குறியுமாக அதன் அடையாள இலக்கத்தைச் சொல்லும். வாங்குவதற்கு முன்னரே அவ்விலக்கத்தையும் சில்லின் பெயரையும் கேட்டறிவது உத்தமம். விற்பவர் சொல்லாவிடின் அக்கருவியை விட்டுவிடுவது மத்திமம். பெயரை நம்பி வாங்குவது அதமம்.

இறுதியில் எம்முன் மூன்று நின்றன. ஒன்று, இரு தலைமுறைகளையும் அறிவது. ஆனால் உள்ளேயுள்ள சில்லு எதுவென்று விற்பவர் சொல்ல மாட்டாதது. அது முதலிலேயே நீங்கிற்று. மற்றொன்று, அதுவும் இரு தலைமுறைகளையும் அறிவது. சிலிக்கன் லாப்ஸ் என்னும் நிறுவனத்தின் எஸ்.ஐ. 2168 என்ற சில்லு உடையது. லினக்ஸ் அதனை நன்கறியும். ஆயினும் நிலைபொருள் எனப்படும் சிறு கோப்பொன்றைத் தனியே பெற்று உரிய இடத்தில் வைத்தாலன்றி அது விழித்தெழாது. மூன்றாவது மலிவானது, றியல்ரெக் நிறுவனத்தின் ஆர்.ரி.எல். 2832யூ என்ற சில்லும், ஆர் 820ரி என்ற அலைதேர் சில்லும் உடையது. முதல் தலைமுறையை மட்டும் அறிவது. 2013இன் பின் வந்த லினக்ஸ் உட்கருக்களில் இவ்விரண்டிற்குமுரிய நிரல்கள் உள்ளன. தனிக் கோப்பெதுவும் வேண்டுவதில்லை. செருகினால் எழும்.

ஆசான் மூன்றாவதைச் சுட்டினார். அவ்வேளை அறைக்குள் வந்த மருமகன், "மாமா, விலையிலே பெரிய வித்தியாசம் இல்லையே; புதிய முறையையும் காட்டுவதை வாங்கினால் பிற்காலத்துக்கு உதவுமே" என்றார். அவர் சொன்னதும் நியாயமே. புதிய கணினி உடைய ஒருவருக்கு யாமும் அதனையே சொல்வோம். ஆசான் தாளைக் காட்டினார். "உயர்தெளிவை இந்தக் கணினி விரிக்காது, விரித்தாலும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பேரன் பல்கலைக்கழகம் போய்விட்டால், தனிக்கோப்பைத் தேடிவைக்க வீட்டில் ஆளில்லை. தானாக எழும்புவதே எனக்கு நல்லது. பிற்காலம் என்கிறீர், எனக்கும் கணினிக்கும் இருக்கிற பிற்காலத்தைக் கணக்கிட்டுத்தான் சொல்கிறேன்" என்றார். மருமகன் மறுமொழி சொல்லவில்லை. அத்தாளை எடுத்து இருமுறை வாசித்தார். பின்னர் தாமே கடைக்கு எழுதிக் கருவியை வரவழைத்தார்.

கருவி வந்தபோது அதன் வாய் மிகச் சிறியதாயிருந்தது. சுவர் வயரின் முனை பெரியது. இடையிலே பொருத்தச் சிறு இணைப்பான் ஒன்று வேண்டியதாயிற்று. கருவியோடு தந்த விரல்நீள அன்ரெனா அவ்வறைக்குப் போதாது. கூரை அன்ரெனாவோடு இணைத்தபின் அலை உறுதியாய் நின்றது. கபீன் என்னும் செயலியைக் கொண்டு கிறிஸ்ரல் பலஸ் கோபுரத்தின் அலைவரிசைகளைத் தேடச் செய்தோம். சில நிமிடங்களில் அட்டவணை நிரம்பியது. திரையின்கீழ் எழுத்துக்கள் தோன்றின. இரவு நிகழ்ச்சியைப் பதிவுசெய்ய நேரம் குறித்து வைத்தோம். வந்த இலக்கங்களை விரியாது அப்படியே எழுதிவைப்பதாதலின் பதிவு பழைய கணினிக்குச் சுமையாகவில்லை. மறுநாட் காலை ஆசான் காதணியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்களை வாசித்து வாசித்துச் சனிக்கோளின் வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தேநீரோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள். "இவ்வளவுதானா அப்பா கேட்டது?" என்றாள். பின்னர் ஒரு கதிரையை இழுத்துத் தந்தையின் அருகே அமர்ந்தாள். பெரிய பெட்டி வந்திருந்தால் அவர் தனி அறையிலே தனியே பார்த்திருப்பார். அந்தக் கதிரை வந்திராது என்று யாம் எண்ணினோம்.

யாம் விடைபெறும் நாளில் ஆசான் அதே இனத்துக் கருவியொன்றைக் கல்லூரிக்கென எம் கையிற் கொடுத்தார். கொடுக்குமுன் ஒரு வாரமாக எம்மை வினாவியபடி இருந்தார். "உங்கள் வானலையில் என்ன வருகிறது? ஆய்வுகூடத்துக் கணினி எத்தகையது? பௌதிக ஆசிரியருக்கு எது வேண்டும்?" என்றெல்லாம் கேட்டார். இலண்டன் முறை எமது நாட்டு முறையன்று. இலங்கை 2014ஆம் ஆண்டில் யப்பானிய முறையையே தனக்கெனத் தேர்ந்தது. ஆகவே தொலைக்காட்சிக்கு அக்கருவி இங்கே உதவாது என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் வேறொரு பயன் உண்டென்பதும் அவருக்குத் தெரியும். றியல்ரெக் சில்லு, தான் பெற்ற அலையின் மாதிரிகளை ஆக்காது சமைக்காது அப்படியே கணினிக்கு அனுப்பவும் வல்லது என்பதை 2012இல் லினக்ஸ் ஆர்வலர் கண்டறிந்தனர். அன்று தொட்டு அம்மலிவான கருவி, மென்பொருளால் இயங்கும் வானொலிப் பெட்டியாக உலகெங்கும் மாணவரிடம் பயன்படுகிறது. பண்பலை வானொலி எங்குமுள்ளதன்றோ? இன்று எமது ஆய்வுகூடத்தில் உயர்தர வகுப்பு மாணவர் அக்கருவியைச் செருகி, 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையுள்ள நிலையங்கள் திரையிலே வரிவரியாய் எழுவதைக் கண்டு, அதிர்வெண்ணும் அலைநீளமும் கற்கின்றனர். யாம் டைனமோவைச் சுற்றிக் கற்ற பாடம் அவர்களுக்குக் கண்ணாற் காணக் கிடைக்கிறது.

அதே ஆய்வுகூடத்தில் ஓர் அலுமாரியும் உண்டு. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் அன்போடு அனுப்பிய கருவிகள் அதனுள் உறங்குகின்றன. சில, 120 வோல்ற்றில் இயங்குவன. எமது மின்சாரமோ 230 வோல்ற்று. சிலவற்றுக்குரிய மென்பொருளின் உரிமம் முடிந்துவிட்டது. சிலவற்றின் பயன் யாதென அறிந்தவர் இங்கில்லை. அனுப்பியோர் மனத்தின் பெருமையை யாம் குறைத்துக் கூறோம். தம் வியர்வையாற் பெற்ற பொருளைக் கல்லூரித் தாய்க்கு ஈந்தவர் அவர். ஆனால் ஆசானின் மகளும் அன்பிற் குறைந்தவளல்லளே. கேளாது கொடுத்த பெருங்கொடை அலுமாரியிற் கிடக்க, கேட்டுக் கொடுத்த சிறு கருவி நாள்தோறும் உழைக்கிறது.

ஆகவே பழைய மாணவராகிய அன்பர்களே, கல்லூரிக்கு ஒன்று அனுப்ப உள்ளங் கொள்ளும்பொழுது, கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுங்கள். நடுவே ஒரு கோடு கீறுங்கள். எம்மிடம் உள்ளவை யாவை, எமக்கு வேண்டுவன யாவை என்று ஓர் அஞ்சல் எழுதிக் கேளுங்கள். ஆசிரியராகிய யாமும், வந்ததை வாங்கி அடுக்கி நன்றிக் கடிதம் எழுதுவதோடு நில்லாது, உண்மையை எழுதும் கடப்பாடுடையோம். மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை எத்தொழில் புரியினும், மருந்தெழுதினும், பாலங்கட்டினும், வழக்குரைப்பினும், கேள்வியை முற்ற வாசித்தபின் விடைக்குச் செல்லுங்கள். தந்தன எவை, காணவேண்டியது எது என்று கேட்டறிபவர் கையிலே எளிய பொருளும் பெரும்பயன் தரும்.

கல்லூரி வாழ்க! அதன் ஆசான்மார் புகழ் ஓங்குக!